பட்டறைப் பக்கம்: ஜெட்டில் ஊக்கை விடாதீர்கள்

பழைய எந்திரங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கேத்தி பாலாடாவில் 30 வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் நம் மெக்கானிக் பதில் எழுதுகிறார்.

கேள்வி: தாத்தாவின் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் 11 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்பரேட்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடியும் பச்சைக் களிம்புமாக இருக்கிறது. "வேறு வாங்கிப் போடு" என்கிறார்கள். இதையே தேற்ற முடியுமா அண்ணா?
— வாசகர், கூக்கல்தொரை

பதில்: தேற்றலாம் தம்பி. பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள். முதலில் வண்டியின் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். அந்தச் சாம்பல் வண்டி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கோவன்ட்ரியில் செய்த டி.இ.20 குடும்பம். எண்ணுக்கு முன்னால் டி.இ.ஏ. என்றிருந்தால் பெட்ரோல் வண்டி. டி.இ.டி. என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் ஜாதி எண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற ரகம். டி.இ.எஃப். டீசல், அதில் கார்பரேட்டரே இல்லை என்பதால் உங்களுடையது அது அல்ல.

வெள்ளைப் பொடி, துத்தநாகக் கலவையில் வார்த்த உடம்பைத் தண்ணீர் தின்ற அடையாளம். பச்சை, பித்தளையில் பிடித்த களிம்பு. இரண்டும் கழுவினால் போகும்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் பிடியுங்கள். ஐடில் திருகை (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் வண்டி ஓடும்போது கலவையைச் சரிசெய்யும் திருகு) வெளியே எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். என் பட்டறைச் சுவரெல்லாம் "ஒன்றேகால்", "ஒன்றரை" என்றுதான் இருக்கும். திரும்பப் பூட்டும்போது அந்தக் கணக்குதான் சோறு போடும்.

இப்போது ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடுகிற துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. நான் தொழில் பழகியது மேட்டுப்பாளையத்தில், 17 வயதில். அடைத்த ஜெட் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார் மேஸ்திரி. ஊதினேன், போகவில்லை. சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நோண்டிவிட்டேன். அடைப்பு போய்விட்டது, எனக்கு ஒரே பெருமை. இரண்டு நாளில் அந்த வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தது. மேஸ்திரி திட்டவில்லை. ஜெட்டைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, "பாருடா" என்றார். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் இழுபட்டு, வேப்பங்கொட்டை மாதிரி நீண்டிருந்தது. புது ஜெட்டுக்கான காசை என் வாரக்கூலியில் பிடித்துக்கொண்டார். பித்தளை மெத்து, ஊக்கு எஃகு. எது தேயும் என்று சொல்லவா வேண்டும்?

ஆகவே ஜெட்டுகளை ஒரு ராத்திரி கார்பரேட்டர் கிளீனரிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப் போடுங்கள். காலையில் காற்றடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மீன்பிடி தூண்டிலின் நைலான் நரம்பு, இல்லையென்றால் மின்கம்பியில் உருவிய ஒற்றைச் செம்பு இழை. அவ்வளவுதான். உடம்பில் உள்ள ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, அது எங்கே வெளியே வருகிறது என்று விரலால் தேடுங்கள். கிண்ணத்துப் பெட்ரோலில் மிதந்து மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டை மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள், உள்ளே குடைவான பித்தளை என்பதால் காற்று வேகத்தில் நசுங்கிவிடும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சலக் சலக்கென்றால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. சுடுதண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். பற்று வைப்பதற்கு முன் உள்ளே ஒரு சொட்டுகூட, ஆவிகூட இருக்கக் கூடாது, வெடிக்கும். நான் சின்னத் துளை போட்டு வடித்து, சுடுதண்ணீரில் பல முறை அலசி, இரண்டு நாள் காயவிட்டுத்தான் சூட்டுக்கோல் வைப்பேன். பற்று கடுகளவு போதும். கனம் கூடினால் ஃப்ளோட் தாழும், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறும், வழியும்.

எல்லாரும் விட்டுவிடுகிற ஒன்று: கார்பரேட்டரின் குறுக்கே போகும் ஆக்சிலேட்டர் தண்டு. விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடுக்கு வழியே காற்று புகும். நீங்கள் என்னதான் கழுவினாலும் ஐடிலில் வண்டி ஏறி இறங்கித்தான் ஓடும். லேத்தில் கொடுத்துப் புஷ் (தண்டு ஆடாமல் பிடிக்கும் உள்வளையம்) போடுங்கள். இதற்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் நன்றாக ஓடிய பழைய பெட்ரோல் டிராக்டரை ஊட்டிக்குக் கொண்டுவந்தேன். பிளக் கருத்துப்போகிறது, இழுவையும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், ஊட்டி

பதில்: விற்றவரைத் திட்ட வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் மேல். காற்று குறைந்தால் ஜெட் தானாகப் பெட்ரோலைக் குறைக்காது, அது வெறும் துளை. கலவை கெட்டியாகிறது, பிளக் கருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு அளவு சின்ன மெயின் ஜெட் போட்டால் சரியாகிவிடும். இன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்வதில்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அதே ஜெட்டில் கலவையைக் கொஞ்சம் இளக்கிவிடும். மலை ஒரு பக்கம் இழுக்கிறது, பங்க் ஒரு பக்கம் இழுக்கிறது. எனவே முதலில் ஏர் கிளீனரைக் கழுவுங்கள், சோக் (குளிரில் கிளப்பக் காற்றை அடைக்கும் தகடு) முழுக்கத் திறக்கிறதா பாருங்கள், ஐடில் திருகைச் சரிசெய்யுங்கள். சுமையோடு பத்து நிமிடம் ஓட்டி பிளக்கைக் கழற்றுங்கள். வறட்டித் தூள் நிறம் வந்தால் ஜெட்டைத் தொடாதீர்கள். இன்னும் கரிதான் என்றால் ஒரு அளவு குறையுங்கள்.

இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போனது போனதுதான். மலை எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தராது.

கேள்வி: என் வீட்டுக்காரர் கார்பரேட்டரைப் புளித்தண்ணீரில் போட்டு வேக வைக்கிறார், அதுவும் என் ரசச் சட்டியில். இது சரியா?
— வாசகி, எடப்பள்ளி

பதில்: பித்தளை ஜெட்டுக்குப் புளி சரி, குத்துவிளக்கு தேய்ப்பது போலத்தான். ஆனால் துத்தநாக உடம்பைப் புளிப்பில் நேரம் போக ஊறவைத்தால் கருத்து, அரித்துவிடும். இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். சட்டி இனி பட்டறைக்குத்தான் அம்மா, அவரையே புதுசு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பனிமூட்டக் காலையில் வண்டி பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகிறது. இரண்டு முறை கார்பரேட்டரைக் கழுவிவிட்டேன்.
— வாசகர், மன்னவனூர்

பதில்: மூன்றாவது முறை கழுவாதீர்கள். நின்றவுடன் கார்பரேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று வியர்த்திருக்கும், சில நாள் வெள்ளை பூத்திருக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். காற்றின் ஈரம் உள்ளேயே உறைந்து, பட்டர்ஃபிளையில் (ஆக்சிலேட்டர் தண்டில் திரும்பி வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு) பனிக்கட்டி பிடிக்கும். வெளியே பத்து டிகிரி இருந்தாலும் நடக்கும். வண்டி நின்றதும் எஞ்சின் சூட்டில் அது உருகிவிடுகிறது, நீங்கள் பார்க்கும்போது ஒன்றுமே இருக்காது. புகைக்குழாய்ப் பக்கத்துச் சூட்டுக்காற்று உள்ளே போகும்படி ஒரு தகர மறைப்பு கட்டுங்கள். பிஸ்கட் டின்னை வெட்டி நான் கட்டிக்கொடுத்தது ஒன்று கோத்தகிரிப் பக்கம் ஆறு வருடமாக ஓடுகிறது. கோடை வந்ததும் கழற்றி வைக்க மறக்காதீர்கள்.