துருத்தி நிற்கும் கற்கள் – கடிதம்

வணக்கம் சார்,

இங்கிலாந்தின் பழைய கல் தொழுவங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். போன வருஷம் வேலை விஷயமாக லீட்ஸில் நாலு மாதம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் நடக்கப் போனோம். வயலுக்கு வயல் ஒரு கல் கட்டடம். வீடுகளோ எங்கோ தள்ளி இருக்கின்றன. பல கட்டடங்களுக்குக் கூரையே இல்லை. கட்டியவர் யாரென்று தெரியாத மாட்டுக் கொட்டகையைப் போய் ‘கட்டடக்கலை’ என்பது கொஞ்சம் அதிகமில்லையா? சுவரில் வரிசையாகக் கற்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. பின்னால் சேர்த்துக் கட்ட விட்டுவைத்ததா, அல்லது வேலையே அரைகுறையா? ஓரிடத்தில் சுவரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் சிமெண்டைத் தொடவே மாட்டேன் என்றார். அது ஏன்? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

அரைகுறை வேலை இல்லை. அந்தக் கற்கள்தான் சுவரையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வெளியிலிருந்து பார்க்க ஒரே சுவர் மாதிரி தெரிந்தாலும் அவை இரண்டு சுவர்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் சல்லிக்கல் நிரப்பு. மொத்தம் இரண்டடி கனம் வரும். மேலே கல் ஓடுகளின் பாரம் அழுத்த அழுத்த, உள்சுவரும் வெளிச்சுவரும் விலகி வயிறு தள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க, ஓர் உயரத்துக்கு ஒரு வரிசையாக, இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை போகும் நீளக்கற்களைக் குறுக்கே வைத்துத் தைத்திருக்கிறார்கள். நம் கொத்தனார்களும் இந்தக் கல்லை அறிவார்கள். துருத்தும் நுனியை ஏன் வெட்டவில்லை என்றால், வெட்டுவது ஒரு கூலி, அதனால் சுவருக்கு ஒரு லாபமும் இல்லை. மாடு ஆட்சேபிக்கப் போவதில்லை.

‘வயலுக்கு வயல் ஏன்’ என்பதுதான் உங்கள் கடிதத்தில் நல்ல கேள்வி, நீங்கள் அதைக் கேள்வியாகக்கூட எழுதவில்லை. அந்த மலைப்பகுதியில் குளிர்காலம் நீளம். ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை மாடு கொட்டிலில்தான். அத்தனை மாதத்துக்கும் தீனி, கோடையில் அறுத்துக் காயவைத்த உலர்புல். (நம் வைக்கோல் வேறு, அது கதிரடித்த பின் மிஞ்சும் தாள்.) சரிவான நிலத்தில் அந்தப் புல்லை எல்லாம் வீட்டுக்குச் சுமப்பது, மாடு தின்றபின் சாணத்தைத் திரும்ப வயலுக்குச் சுமப்பது, இரண்டையும் விட மனிதன் தினம் இரண்டு வேளை தொழுவத்துக்கு நடப்பது மலிவு. அதனால் புல் விளையும் இடத்திலேயே கட்டடம். மேலே பரணில் புல், கீழே நாலைந்து மாடுகள். சுவரின் மேல்பாதியில் ஒரு சதுர ஓட்டை இருக்கும், வண்டியை அதனடியில் நிறுத்திக் கவைக்கோலால் புல்லை உள்ளே தள்ளுவார்கள். சாணம் கதவுக்கு வெளியே குவிந்து, வசந்தத்தில் அதே வயலில் இறையும். பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை.

அப்படி ஒரு தொழுவத்துக்குள் போயிருக்கிறேன். மாட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே ஆளின் மார்பளவு உயரக் கல்பலகை நட்டிருந்தார்கள். பலகையின் மேல்விளிம்பில், கழுத்து உரசும் இடம் மட்டும் குழிந்து, எண்ணெய் தடவினாற்போல் வழவழத்துக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் உளி பட்ட சொரசொரப்பு அப்படியே. எத்தனை மாடுகள் சேர்ந்து தேய்த்திருக்கும் என்று தெரியாமல் அதன்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வேறு ஊர்க் களஞ்சியங்களில் ஆளுயரத்தில் நீளமான ஒடுங்கிய துளைகள் இருக்கும். வெளியே ஒரு கை அகலம்கூட இராது, உள்ளே வர வர விரியும். முதல்முறை பார்த்தபோது அம்பு எய்ய வைத்ததாக்கும் என்று உடன் வந்தவர்களிடம் விளக்கம் வேறு கொடுத்தேன், வெட்கக்கேடு. அவை காற்றுக்காக. ஈரம் போகாத புல்லை அடைத்துவைத்தால் அது புழுங்கிச் சூடேறும், சில சமயம் தானாகவே தீப்பிடிக்கும். மழை புகக்கூடாது, காற்று புகவேண்டும் என்பதற்கு அந்தக் காலத்து விடை அந்தத் துளை.

தானியக் களஞ்சியங்களில் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகளைப் பார்க்கலாம். நடுவில் கதிரடிக்கும் தளம். குளிர்காலம் முழுக்க உள்ளேயே அடித்து, இரண்டு கதவையும் திறந்துவிட்டுத் தூற்றினால் குறுக்கே வீசும் காற்றில் பதர் பறந்துவிடும். கதிரடிக்கும் எந்திரம் வந்ததும் அந்தக் கதவுகளின் வேலையும், அடித்த கூலியாட்களின் குளிர்காலப் பிழைப்பும் ஒன்றாகப் போயின. 1830இல் தென் இங்கிலாந்தின் கூலிகள் அந்த எந்திரங்களைத் தேடித் தேடி உடைத்தார்கள்.

கூரையை மட்டும் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கல் ஓடு எல்லாம் ஒரே அளவு கிடையாது. கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்தில் பெரிது, முகட்டை நெருங்க நெருங்கச் சிறிது. கல்குவாரியிலிருந்து பலகைகள் எல்லா அளவிலும் வரும், எதையும் வீணாக்கவில்லை. பாரமான ஓடு சுவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது, தண்ணீர் அதிகம் ஓடும் கீழ்ப்பகுதியில் இணைப்பும் குறைகிறது. ஒவ்வொரு ஓடும் ஒரு மர ஆணியில் தொங்குகிறது. பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனில் ஷாஃப்ட்ஸ்பரி மடத்துக்குச் சொந்தமாக இருந்த 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்தின் ஓடுகள் மட்டும் சுமார் 100 டன்.

சிமெண்டுக்கும் உங்கள் லீட்ஸுக்கும் உறவு உண்டு என்றால் சிரிப்பீர்கள். ஜோசப் ஆஸ்ப்டின் என்ற அவ்வூர்க் கொத்தனார் 1824இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பழைய சுவருக்கு அது எமன். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெதுவானது. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேறும், தேய்வதானாலும் சாந்துதான் தேயும், திரும்பப் பூசிக்கொள்ளலாம். சிமெண்டில் இணைப்பை அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும். உறைபனியில் அது விரிந்து கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சில வருஷம் கழித்துப் பார்த்தால் கல் உள்வாங்கியிருக்க, சிமெண்ட் மட்டும் வலைபோல வெளியே நிற்கும். நீங்கள் பேச்சுக் கொடுத்தவர் விஷயம் தெரிந்தவர்.

கட்டடக்கலையா என்று கேட்டீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில், பியூலி மடத்துத் துறவிகள் கட்டிய களஞ்சியம் சுமார் 46 மீட்டர் நீளம். கட்டடத்து மரங்களின் வருஷ வளையங்களை வைத்து, அது 1292 வாக்கில் கட்டியது என்று கணித்திருக்கிறார்கள். பக்கத்தில் கெல்ம்ஸ்காட்டில் இருந்த 19ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் அதைப் பேராலயங்களுக்கு இணையாக வைத்துப் புகழ்ந்தார். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிக்கவில்லை. பேராலயத்தோடு ஒப்பிட்டால்தான் களஞ்சியத்துக்கு மதிப்பா? உயரம் எவ்வளவு, கதவு எவ்வளவு அகலம், துளை எங்கே என்று எல்லாவற்றையும் புல்லும் பாரவண்டியும் மாடும் தீர்மானித்த கட்டடம் அது. ஸ்வேல்டேல் தொழுவம் இன்று காலியாகக் கிடப்பதும் அதே கணக்கால்தான். இன்றைய டிராக்டர் அந்தக் கதவில் நுழையாது, நாலைந்து மாட்டை வைத்து யாரும் பிழைக்கவும் முடியாது.

பின்னால் சேர்த்துக் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் மூன்றாவது படத்திலேயே சான்று இருக்கிறது. கதவுக்கு இடப்பக்கம், தரையிலிருந்து இறவாணம் வரை ஒரே நேர்கோடு. அதன் வலப்புறம் மட்டும் பெரிய சதுரக்கற்கள். அவை மூலைக்கற்கள், ஒரு காலத்தில் கட்டடம் அங்கேயே முடிந்திருக்கிறது. அந்த இடத்தைக் கிட்டப் போய் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், இரண்டு பக்கமும் துருத்தும் கற்களின் வரிசை ஒரே மட்டத்தில் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும்.