டெல்லியில் ஒரு தமிழ் வானொலி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மயூர் விஹாரில் இருக்கும் தமிழர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சமுதாய வானொலி, அதாவது எங்கள் பகுதிக்கு மட்டும் கேட்கும் சின்ன எஃப்.எம். நிலையம், தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி’ என்று இந்த ஊரிலிருந்துதான் தமிழ்நாடே செய்தி கேட்டது. இன்று டெல்லியில் இருக்கும் தமிழருக்கு டெல்லிச் செய்தி தமிழில் கிடைப்பதில்லை. எங்கள் சங்கம் பதிவு பெற்று எட்டு வருடம் ஆகிறது. செய்தியும் நம் கலை நிகழ்ச்சிகளும் போட வேண்டும் என்பது எண்ணம். உரிமம் கிடைக்குமா? எவ்வளவு பாடு? எங்கே தொடங்குவது? விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

எஸ்., மயூர் விஹார்

அன்புள்ள எஸ்.,

உரிமத்துக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு விண்ணப்பிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்தக் குரல். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன் முதல், பிற்காலத்தில் சரோஜ் நாராயணஸ்வாமி வரை, டெல்லி வானொலியின் தமிழ்ப் பிரிவு தந்தது தேசியச் செய்தி. நாடாளுமன்றம், பட்ஜெட், வெளியுறவு. திருநெல்வேலி டீக்கடையில் அதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். கரோல் பாகில் குடியிருந்தவருக்கு நாளைக்குக் குழாயில் தண்ணீர் வருமா என்று சொல்வது அதன் வேலை அல்ல. அது டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி, டெல்லியைப் பற்றிய செய்தி அல்ல. தேசியச் செய்தி தமிழில் வேண்டுமென்றால் இன்றும் கைபேசியில் நியூஸ் ஆன் ஏர் செயலியைத் திறந்தால் போதும். நீங்கள் தேடுவது வேறு. அதற்கான முன்மாதிரி சன்சத் மார்க் ஆகாசவாணிக் கட்டிடத்தில் இல்லை, சின்னச் சின்ன ஊர் வானொலிகளில் இருக்கிறது.

அந்த ஊர் வானொலிகளுக்கு வழி திறந்தது, அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்ன தீர்ப்பு. அப்போதும் உடனே கதவு திறக்கவில்லை. 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் அதில் முதலாவதாக ஒலிபரப்பியது. உங்களைப் போன்ற அமைப்புகளுக்கு 2006 நவம்பரில்தான் அனுமதி. 2008-ல் இன்றைய தெலங்கானாவின் பஸ்தாபூர் பக்கம் தலித் பெண்கள் நடத்தத் தொடங்கிய சங்கம் ரேடியோ, 2010-ல் உத்தராகண்டின் முக்தேஸ்வர் பக்கம் வந்த குமாவோன் வாணி, ஹரியானாவின் மேவாத்தில் 2012-ல் வந்த அல்ஃபாஸ்-எ-மேவாத் எல்லாம் இந்த விதியின் கீழ் வந்தவை. இவை நிற்பதற்குக் காரணம் ஒன்றே: கோபுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் அதற்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சுப் பேசுகிறவர்கள்.

இப்போது உங்கள் வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட், ஆன்டெனாவின் உயரம் தரையிலிருந்து 15 முதல் 30 மீட்டர். எந்தத் தடையும் இல்லாத இடத்தில் சுமார் 10 கி.மீ. கேட்கும். டெல்லியின் அடுக்குமாடிகளுக்கு நடுவே அதை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். 10 கி.மீ. கிடைத்தாலும் வட்டத்தின் பரப்பு 314 சதுர கி.மீ., டெல்லியின் பரப்பு 1,483. மயூர் விஹாரில் கோபுரம் நட்டால் பாதி டெல்லி எல்லைக்கு அப்பால் நொய்டாவுக்கும் காஜியாபாத்துக்கும் போகும். ஆர்.கே.புரம் விளிம்பிலோ வெளியிலோ நிற்கும். ஜனக்புரிக்குச் சுத்தமாகக் கேட்காது. 2025 ஜூனில் தமிழர்கள் வாழ்ந்த ஜங்புரா மதராஸி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டபோது மாற்று வீடு கிடைத்தவர்கள் அனுப்பப்பட்டது நரேலாவுக்கு. ஜங்புராவிலிருந்து அது நேர்க்கோட்டிலேயே 30 கி.மீ.க்கு மேல். உங்கள் வானொலி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு அது எட்டாது.

இன்னொரு சிக்கல், கருவி விற்கும் கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். தலைநகர்ப் பகுதியில் சமுதாய வானொலிக்கென்று கிடைக்கும் அலைவரிசைகள் மிகக் குறைவு, அதனால் ஒரே எண்ணைப் பலருக்குக் கொடுக்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகமும் 90.4, ஜாமியா பல்கலைக்கழகமும் 90.4, நொய்டாவின் சலாம் நமஸ்தேயும் 90.4. எஃப்.எம். ரேடியோவின் இயல்பு, ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும் இடத்தில் காரில் போகிறவருக்கு ஒரு மேம்பாலத்தில் ஒரு நிலையம், இறங்கினால் இன்னொன்று. உங்கள் பாசுரத்துக்கு நடுவே வேறு யாரோ ஹிந்தியில் தேர்வுக் குறிப்பு வாசிப்பார்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு பெற்று 3 வருடம் ஆன, லாப நோக்கமில்லாத அமைப்பு விண்ணப்பிக்கலாம். தனி மனிதரும் அரசியல் கட்சியும் முடியாது. விண்ணப்பம் மத்திய அரசின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில். அமைச்சகங்களின் ஒப்புதலுக்குப் பிறகு அரசு தரும் விருப்பக் கடிதம் (லெட்டர் ஆஃப் இன்டென்ட்), அப்புறம் தொலைத்தொடர்புத் துறையிடம் அலைவரிசையும் கோபுர இடத்துக்கான ஒப்புதலும், பிறகு ஒப்பந்தம், கடைசியில் இயக்க உரிமம். இந்த வரிசையில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. பலர் செய்யும் தவறு, விருப்பக் கடிதம் கையில் வந்ததுமே டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிடுவது. கோபுர இடத்துக்கு ஒப்புதல் கிடைக்காமல் போனால் அது அறையின் மூலையில் துணி மூடிக் கிடக்கும்.

வரவைக் கணக்குப் போடுங்கள். 2024 விதிப்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், அரசு விளம்பர விலை 10 விநாடிக்கு 74 ரூபாய். 12 நிமிடம் என்றால் 72 துண்டு, முழுக்க நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். முழுக்க நிரம்பாது. தமிழில் மட்டும் பேசும் நிலையத்துக்கு டெல்லியில் அரசு விளம்பரம் எத்தனை வரும் என்று நீங்களே யோசியுங்கள். மின்கட்டணத்தைச் சங்கம் எப்படியாவது கட்டிவிடும். முதலில் நிற்பது ஒலிப்பதிவு செய்யும் பையனின் சம்பளம், அதோடு நிகழ்ச்சியும் நின்றுவிடும்.

செய்தியைப் பற்றி. அரசியல் தன்மையுள்ள செய்தியும் நடப்பு விவகாரமும் சமுதாய வானொலியில் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். இதைக் கேட்டதும் பலர் மனம் தளர்ந்துபோகிறார்கள், அவசியமே இல்லை. குடிநீர், மின்வெட்டு, போக்குவரத்து, வானிலை, தேர்வு, சேர்க்கை, வேலைவாய்ப்பு, நோய் எச்சரிக்கை, பேரிடர், திருவிழா, கலை நிகழ்ச்சி: இவற்றை அரசு செய்திக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டெல்லித் தமிழருக்கு எந்த ஊடகமும் தராதது இந்தப் பட்டியல்தான். ‘செக்டர் 6-ல் நாளை தண்ணீர் வராது’ என்று சொல்லலாம். ‘வராததற்குக் காரணம் இன்ன அமைச்சர்’ என்றால் வேலி தாண்டியாயிற்று.

ஆகவே என் யோசனை: கோபுரம் வேண்டாம், வாரம் அரை மணி நிகழ்ச்சி போதும். உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஓடுகிற சமுதாய நிலையம் ஒன்றிடம் நேரம் கேளுங்கள். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்போடு அங்கேயே உருவாக வேண்டும் என்பது அவர்களுக்கும் விதி. தயாரான, சுத்தமான அரை மணி நேரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் நிலையம் அரிது. குருகிராமில் 2009-ல் தொடங்கிய குட்காவ் கி ஆவாஸ், ஹரியானா நாட்டுப்பாட்டான ராகிணியோடு பிழைப்புக்கு வந்த தொழிலாளர்களின் பாட்டையும் அதே அலைவரிசையில் சேர்த்துக்கொண்டது. ஒரு மொழிக்கு ஒரு கோபுரம் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தொலைபேசி. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து நிகழ்ச்சியை ஒலிக்கும் முறை பல வருடங்களாக இருக்கிறது. டெல்லியிலேயே உருவான கிராம் வாணி என்ற நிறுவனம் பிஹார், ஜார்க்கண்ட் வரை அதைக் கொண்டுபோனது. இதற்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை, பொத்தான் கைபேசியே போதும், இணையமும் வேண்டாம். கேட்கிறவர் ஓர் எண்ணை அழுத்தித் தானும் பேசிப் பதிவு செய்யலாம். நரேலாவுக்கு இதுதான் வழி. செலவு அழைப்பு நிமிடங்களுக்கு. அதனால் அங்கே அரை மணி நேரத்தை அப்படியே போடாமல் 4 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள்.

இனி நிகழ்ச்சி. அரை மணி என்பது 28 நிமிடம், மீதி நிலையத்தின் அறிவிப்புக்கு. அதில் ஊர்த் தகவல் 6 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிதானமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்தான் போகும். ஆறு நிமிடத்துக்கு 550 சொல் எழுதினால் சரியாக இருக்கும். 800 எழுதிவிட்டு வேகமாக வாசிப்பதுதான் வழக்கமாக நடப்பது.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘ஜல் போர்டு குழாய்ப் பராமரிப்புப் பணிகள் நடைபெற இருப்பதால் ஆர்.கே.புரம் செக்டர் 6 பகுதியில் நாளை காலை குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும்’ என்ற வரியைக் கண்ணால் படிக்கலாம். அடுப்படியில் கேட்கிறவருக்கு வரி முடியும்போது இடம் மறந்திருக்கும். இப்படி எழுதுங்கள்: ‘ஆர்.கே.புரம் செக்டர் 6-ல் இருக்கிறவர்களுக்கு. நாளை காலை தண்ணீர் வராது. இன்று இரவே பிடித்து வையுங்கள். குழாய் வேலை நடக்கிறது.’ இடம் முதலில், விஷயம் அடுத்து, காரணம் கடைசியில். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக, இரண்டு தடவை. நாளா (சாக்கடைக் கால்வாய்), ஜுக்கி (குடிசை), ராஷன் என்று இங்கே எல்லோரும் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். ‘கழிவுநீர்க் கால்வாய்’ என்றால் எந்த நாளா என்று கேட்பவருக்குத் தெரியாது. பாலக்காட்டுத் தமிழும் விழுப்புரத் தமிழும் ஒரே நிகழ்ச்சியில் கேட்கட்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் ‘வானொலித் தமிழில்’ வாசித்தால் பாதிப் பேர் தங்களுக்கில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டுடியோ வேண்டியதில்லை. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்து உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் ரஜாய்ப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். எதிரொலி அடங்கிவிடும். மே, ஜூனில் கூலரை நிறுத்தாமல் பதிவு செய்யாதீர்கள். அந்த இரைச்சலைப் பிறகு மென்பொருளில் எடுத்தால் குரலும் தகரம் போல ஆகிவிடும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரே தடம் (மோனோ), 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. பேட்டியை வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜாக வாங்கவே வாங்காதீர்கள். அது ஒலியை மிகவும் நசுக்கும், ‘ச’வும் ‘ஸ’வும் ஒரே சீழ்க்கையாகிவிடும். கைபேசியின் ரெக்கார்டரில் பதிந்து, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கலை நிகழ்ச்சியில் பலரும் மாட்டிக்கொள்வது பாட்டில். தியாகராஜர் கீர்த்தனைக்கு உரிமைத்தொகை கிடையாது, ஆனால் அதைப் பிரபல வித்வான் பாடிய ஒலிநாடாவுக்கு உண்டு. திரைப்பாட்டு போட்டால் கட்டணம் கட்ட வேண்டும். மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் காவடி எடுக்கிறவரின் பாட்டை, அவரிடம் கேட்டு, நீங்களே பதிவு செய்தால் தொல்லை இல்லை, கேட்கவும் அது நன்றாக இருக்கும். தமிழ்ச் சங்க மேடையில் நடப்பதை எடுக்கும்போது மண்டபத்து ஒலிபெருக்கியின் முன்னால் கைபேசியைப் பிடிக்காதீர்கள். ஒலி அமைப்பாளரிடம் கேட்டு மிக்ஸரிலிருந்து ஒயர் வாங்குங்கள், கைதட்டலுக்கு மட்டும் தனியாக ஒரு கைபேசியை வையுங்கள்.

ஒலிபரப்பான எல்லாவற்றையும் 3 மாதம் நிலையம் வைத்திருக்க வேண்டும் என்று விதி. நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், தேதி போட்டு.

நேரம் கேட்கும்போது ஞாயிறு காலையைக் கேட்காதீர்கள். அது சங்கத்து ஆட்களுக்கு வசதியான நேரம். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் காலை வீடுகளை முடித்துவிட்டு மாலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டில் இருப்பது மதியம். வார நாளில் இரண்டரை மணி கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த நேரத்தைப் பெரும்பாலும் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.