ஒடிசாவின் பாலசோர் ரயில் விபத்தைப் பற்றித் திருப்பூரில் வீதி நாடகம் போட என்ன செய்ய வேண்டும்?

15 முதல் 20 நிமிடத்தில் முடியும் நாடகம், ஆறேழு நடிகர்கள், ஒரு பறை. இவ்வளவு போதும்.

பனியன் கம்பெனிகளில் ஒடிசாக்காரர்கள் நிறைய. ஊர்க்காரரைப் பறிகொடுத்தவரே கூட்டத்தில் நிற்கலாம். அதனால் அலறலும் சிவப்புச் சாயமும் வேண்டவே வேண்டாம். 2023 ஜூன் 2 அன்று கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை சிக்னல் விழுந்தது. ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் மட்டும் பக்கத்துத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றது. 290 பேருக்கு மேல் செத்தார்கள். தோளில் கைவைத்த நடிகர் வரிசை ஒன்று பச்சைத் துண்டைப் பார்த்து ஓடிவந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் திரும்பி அப்படியே உறையட்டும். அந்த மௌனத்தைப் பத்து விநாடி பிடியுங்கள். பலரும் பதறி மூன்றாவது விநாடியிலேயே வசனத்தை ஆரம்பித்துக் காட்சியைக் கெடுப்பார்கள்.

ஜூன் ஈரக்காற்றில் பறைத்தோல் தொய்ந்து 'டொப்'பென்று சத்தம் செத்துவிடும். தொடங்குவதற்குச் சற்று முன் வைக்கோல் தீயில் காய்ச்சுங்கள். சுழற்றிக்கொண்டே இருக்கணும், ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் கருகி வெடிக்கும்.

நாள்? சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிறன்று கடைவீதிக்கு வருவார்கள். காவல் நிலையத்தில் முன்னதாகவே எழுத்து மூலம் மனு கொடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மைக் இல்லாமல், வட்டத்தை நெருக்கிப் போடுவதே மேல். வசனத்தில் பாதியாவது இந்தியிலோ ஒடியாவிலோ இருக்கட்டும். துண்டேந்தி வசூலிப்பதாக இருந்தால், பணம் யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.