"எம்புட்டு ஆச்சு?" என்று கேட்ட அம்மா

அன்புள்ள மேடம்,

எனக்கு 26 வயது. ஊர் பாம்பன் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றி, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தீவோரம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். என்னைப் படிக்க வைத்தது அந்தக் காசுதான்.

போன அன்னையர் தினத்துக்குச் சொல்லாமல் ஊருக்குப் போனேன். கேக், 3,000 ரூபாய்க்குச் சேலை. சித்தி, மாமா என்று பதினைந்து பேரைக் கூப்பிட்டேன். மதியம் எல்லாருக்கும் வீட்டில்தான் மீன்குழம்பு. அம்மா என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, லீவு போட்டா சம்பளத்தைப் பிடிப்பாங்களே" என்றார். கேக்கைப் பார்த்து, "எம்புட்டு ஆச்சு?" என்றார். சேலையைக் கட்டவே இல்லை, பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஸ்டேட்டஸ் போட எடுத்த ஒரு படத்தில்கூடச் சிரிக்கவில்லை. தோழிகள் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அம்மாவுக்கு என்மேல் பாசமே இல்லையா? இந்த வருஷம் போக மனசில்லை.

- ஒரு மகள்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒரு கேள்வி. அந்தப் பதினைந்து பேருக்கும் மீன் ஆய்ந்தது யார்? பாத்திரம் கழுவியது யார்? நீங்கள் எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன். விருந்து உங்களுடையது, வேலை அவருடையது. அதற்கு நடுவில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் சொன்னால் எப்படி?

அப்புறம் அந்த "எம்புட்டு ஆச்சு?". ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்கள் பக்கம் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அன்னையர் தினமான மே மாத இரண்டாவது ஞாயிறு எந்த வருஷமும் அதற்குள்தான் விழும். அப்பாவுக்குக் கூலி இல்லாத நாட்களில் வீட்டுச் செலவைக் கணக்குப் போடுவது அம்மாதான். கேக்கைப் பார்த்ததும் அவருக்கு அரிசியும் மகளிர் குழுக் கடனின் தவணையும் ஞாபகம் வந்திருக்கும். உங்கள் சம்பளப் பிடித்தத்தைப் பற்றிக் கேட்டதும் அதே கணக்குதான். பாசம் உங்கள் வீட்டில் அந்த மொழியில்தான் பேசுகிறது. கணக்குப் பார்க்கும் உங்களுக்கு இது புரியும்.

1908இல் அமெரிக்காவில் இந்த நாளைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், அதன் பெயர் ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு வீடும் தன் தாயை மட்டும் நினைக்கட்டும் என்பது அவர் எண்ணம். பிறகு இது வியாபாரமானதும் தான் தொடங்கிய நாளையே எதிர்த்துப் போராடினார். நாமோ 'அன்னையர்' என்று பன்மையில் சொல்லி, ஊரார் அம்மாக்களின் படங்களோடு நம் அம்மாவின் படத்தை ஒப்பிடுகிறோம். கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன்: பஸ்ஸில் வந்த அழுகையில் பாதி அந்த ஸ்டேட்டஸுக்காக.

மீதிப் பாதி உண்மையான வலி, அதை மறுக்கவில்லை. எடுத்துக் கொடுத்தே பழகியவருக்குக் கை நீட்டி வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். அதற்கு நாள் பிடிக்கும்.

இந்த வருஷமும் போங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம். மே மாதக் குழுத் தவணையை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். அன்று மீன் ஆய்வது நீங்களும் அப்பாவும். அம்மா சும்மா இருக்கமாட்டார், "அப்படி அறுக்காதே" என்று பக்கத்தில் வந்து உட்காருவார். உட்காரட்டும். சேலையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எதற்கு எடுத்து வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.