கருக்கலைப்பு முடிந்து ஐந்து வாரம் ஆகியும் மாதவிடாய் வரவில்லை. கவலைப்பட வேண்டுமா?

மாதவிடாய் வரவில்லை என்பது மட்டும்தான் விஷயம் என்றால், ஐந்து வாரத்துக்குக் கவலை வேண்டாம். ஆனால் கேள்வியின் கடைசியில், போன வாரம் வீட்டில் கர்ப்ப டெஸ்ட் செய்தபோது மங்கலாக இரண்டாவது கோடு தெரிந்தது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அதற்கு வருகிறேன்.

நானும் மாத்திரை மூலம் கருவைக் கலைத்தவள்தான். மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார்கள், பிறகு உடம்பு எந்த வரிசையில் பழைய நிலைக்குத் திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. கலைத்தவுடன் வரும் இரத்தப்போக்கை எல்லோரும் மாதவிடாய்க் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது மாதவிடாய் இல்லை. கர்ப்பத்துக்காகத் தடித்து வளர்ந்த கர்ப்பப்பையின் உள்சவ்வும் கருத் திசுக்களும் வெளியேறுகிற போக்கு அது. நிஜமான மாதவிடாய் வர வேண்டுமென்றால், அதற்கு முன் ஒரு கருமுட்டை வெளிவந்திருக்க வேண்டும். முட்டை வந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய். முட்டை வெளிவர, கர்ப்பகால ஹார்மோன்கள் இறங்கி, மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு மறுபடி உத்தரவு கொடுக்கத் தொடங்க வேண்டும். இதெல்லாம் ஒருவருக்குச் சீக்கிரம் நடக்கும், இன்னொருவருக்கு மெதுவாக நடக்கும். அதனால்தான் நான்கிலிருந்து எட்டு வாரம் வரை என்று மருத்துவர்கள் அகலமாக ஒரு கணக்குச் சொல்கிறார்கள். எட்டு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் காட்டிவிட வேண்டும்.

இந்த வரிசையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முட்டை முதலில், மாதவிடாய் பிறகு. அப்படியென்றால் மாதவிடாயே வராமல் மறுபடி கர்ப்பமாக முடியும். மாத்திரை சாப்பிட்ட எட்டாவது நாளிலேயே முட்டை வெளிவந்தவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு முதல் மாதத்துக்குள் வந்துவிடும். "ஒரு பீரியட்ஸ் வரட்டும், அப்புறம் கருத்தடை பற்றி யோசிக்கலாம்" என்பது பலரும் சொல்கிற யோசனை. என்னைக் கேட்டால் இதைவிட மோசமான யோசனை இல்லை. கருத்தடை மாத்திரையை உடனடியாகவே தொடங்கலாம். கருவி மூலம் உறிஞ்சி எடுத்திருந்தால் காப்பர் டியை அதே வேளையில் வைத்துவிட முடியும். மாத்திரை முறை என்றால் முழுதாகக் கலைந்தது உறுதியானதும் வைப்பார்கள்.

சரி, அந்தக் கோடு. வீட்டு டெஸ்ட் பார்ப்பது ஹெச்சிஜி என்ற ஹார்மோனை. கரு கலைந்த அன்றே அது காணாமல் போவதில்லை, சிறுகச் சிறுகத்தான் குறையும். மூன்று, நான்கு வாரத்துக்குள் டெஸ்ட் செய்து பாசிட்டிவ் பார்த்து அழுகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் பழைய ஹார்மோனின் மிச்சம். சிலருக்கு ஆறு வாரம் வரைகூட இழுக்கும். உங்களுக்கும் அப்படியே இருக்கலாம். ஆனாலும் ஐந்து வாரத்தை நெருங்கியும் கோடு தெரிகிறது, மாதவிடாயும் இல்லை என்றால் ஊகிப்பதில் பயனில்லை. திசு உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கலாம், கரு வளர்ந்துகொண்டே இருக்கலாம், புதிதாகக் கர்ப்பமும் ஆகியிருக்கலாம். மாத்திரைக்கு முன் ஸ்கேன் எடுக்கவில்லை என்றால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்ததா என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. ஒரு ஸ்கேனும், ஓரிரு நாள் இடைவெளியில் எடுக்கும் இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் இதைத் தெளிவாக்கிவிடும். இரத்தத்தில் ஹெச்சிஜி அளவு இறங்குகிறதா ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். வீட்டு டெஸ்டின் கோட்டை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வாரம் இரத்தம் போனது இயல்பா என்றும் கேட்டிருந்தீர்கள். இயல்புதான். மாத்திரை முறையில் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் போவதும், அதற்குப் பிறகு அடுத்த மாதவிடாய் வரை விட்டுவிட்டுக் கறை படுவதும் சாதாரணம். எனக்கு இரண்டு நாள் சுத்தமாக நின்றிருக்கும், பேட் வைப்பதை விட்டிருப்பேன், மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கினால் மறுபடி பழுப்பாக ஒரு கறை. உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்றெல்லாம் கற்பனை ஓடும். அப்படி எதுவும் இல்லை.

முதல் மாதவிடாய் வரும்போதும் பயப்படாதீர்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு அது வழக்கத்தைவிட அதிகமாக, கட்டி கட்டியாக, நல்ல வலியோடு வரலாம். எனக்கு அப்படித்தான் வந்தது. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றால் அது நன்றாகக் கேட்கும், ஏனென்றால் வலியைக் கிளப்புகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையே அது குறைக்கிறது. கருவி மூலம் செய்தவர்களுக்கு முதல் மாதவிடாய் குறைவாக வருவதும் உண்டு. இரண்டு மூன்று சுழற்சியில் பழைய கணக்குக்கு வந்துவிடும். முன்பிருந்தே ஒழுங்கில்லாமல் வருகிறவர்களுக்கு இது மந்திரம்போல் ஒழுங்காக்கிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி செய்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாதாமாதம் வயிறு வலிக்கிறது, ஆனால் இரத்தம் வரவில்லை என்றால் கர்ப்பப்பைக்குள் தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் சிகிச்சை உண்டு.

"இனிமேல் குழந்தையே பிறக்காது" என்று பயமுறுத்த ஆட்கள் இருப்பார்கள். முறையாக நடந்து, தொற்றில்லாமல் முடிந்த கருக்கலைப்பு பிறகு கர்ப்பமாவதைக் கெடுப்பதில்லை.

காத்திருக்கவே கூடாத நேரங்கள்: ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, அது அடுத்த மணி நேரமும் தொடர்வது, 38 டிகிரிக்கு மேல் விடாத காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளையோ இரத்தமோ போவது, வலி மாத்திரைக்கு அடங்காத வயிற்றுவலி, ஒரு பக்கமாகக் குத்தும் வலி, அதோடு தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ. இதில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்களுக்கு அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரமே காட்டிவிடுங்கள். போகும்போது தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள்: மாத்திரை சாப்பிட்ட நாள், இரத்தம் நின்ற நாள், கோடு தெரிந்த நாள், அதற்கிடையில் பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்தால் அந்த நாளும். கடைசியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும்தான். ஆனால் பழைய ஹார்மோனா புதுக் கர்ப்பமா என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு அந்தத் தேதிதான் வேண்டும்.