தானா ஓடுற கார் வந்துட்டா வண்டி ஓட்டுற சுகமே போயிடுமா?

எந்த ரோட்ல ஓட்டுறீங்கங்குறதப் பொறுத்து. நீங்க கேக்குறத பாத்தா ஞாயித்துக்கெழம மட்டும் ஸ்டியரிங் புடிக்கிற ஆளு மாதிரி தெரியுது, கோவிச்சுக்காதீங்க. நான் மதுரைல ஆக்டிங் டிரைவர். கோரிப்பாளையத்துல கிளட்ச மிதிச்சு மிதிச்சு முட்டி தேயிறதுல என்ன சுகம்? அத மிஷின் எடுத்துக்கிட்டா மகராசனா எடுத்துக்கட்டும்னுதான் நெனச்சேன்.

நடந்தது வேற. ரெகுலரா கூப்புடுற சார் ஒருத்தர் அடாஸ் உள்ள வண்டி எடுத்தாரு, அதாவது கேமரா, சென்சார வச்சு தானா பிரேக் போட்டு, கோட்டுக்குள்ள ஸ்டியரிங்கையும் திருப்பிக்கிற வசதி. திருச்சி நாலுவழிச்சாலைல ஏறுனதும், "அண்ணே, வண்டியே பாத்துக்கும், நீங்க சும்மா கைய மட்டும் வச்சுக்கங்க"ங்குறாரு. சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா உள்ளதச் சொல்லணும், கோட்டுக்குள்ள அழகாத்தான் போச்சு, முன்னாடி லாரி மெதுவானா இதுவும் மெதுவாகுது. மேலூர் தாண்டி ராங் சைடுல டிவிஎஸ் எக்ஸல்ல புல்லுக்கட்டோட ஒருத்தர் வந்தாரு, ஓரமாத்தான் வாராரு, தெனம் பாக்குறதுதான், நானா இருந்தா லேசா வெலகிப் போயிருப்பேன், இது சடக்குன்னு பிரேக்கப் போட்டுருச்சு, பின்னால வந்த பஸ்காரர் திட்டுனத இங்க எழுத முடியாது. கோரிப்பாளையத்துல கேக்கவே வேணாம், ஆட்டோ பக்கத்துல வந்தாலே பீப் பீப்னு கத்துது, சாரே ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. ஆக, சொகமா போற ரோட்ட அது எடுத்துக்கிச்சு, முட்டி தேயிறது எனக்கே!

அப்புறம் ஒருநா திண்டுக்கல் பக்கத்துல இருக்குற சிறுமலை, 18 கொண்டை ஊசி. அங்க அதோட பருப்பு வேகல. வளைவுக்கு முன்னயே வேகத்தக் கொறச்சு, உள்ள பிரேக்கத் தொடாம திருப்பி, வெளிய வரும்போது லேசா மிதிக்கணும். மலைன்னாலே எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வர்ற சாரோட அம்மா அன்னைக்கு குறட்டை விட்டுத் தூங்குனாக. அதுதான்யா சுகம்.

ஒடனே "பொழப்பு போயிரும்னு பொலம்புறான்"னு கமெண்ட்ல வராதீங்க. 70-80 லட்சம் டிரைவர் பொழப்பு கெடும், இந்தியாவுக்குள்ள விடமாட்டேன்னு மத்திய போக்குவரத்து மந்திரி கட்கரியே 2023ல சொல்லிட்டாரு. 2024ல சான் பிரான்சிஸ்கோவுல ஆளில்லாத வேமோ டாக்ஸிய ஒரு கூட்டம் கொளுத்துச்சே, அந்த மாதிரி ஆளும் நான் இல்ல. சடன் பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற ஏபிஎஸ் வந்தப்ப கும்புட்டவன்.

இன்னொன்னும் சொல்லிர்றேன். கொடைக்கானல் டிரிப்புன்னா ஓனருக்கு ரூமு, எனக்கு ஒரு பாய் கெடையாது, அந்தக் குளுருல சீட்ட சாச்சுக்கிட்டு கெடக்கணும், பேட்டா கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குறாக. தானா ஓடுற காருக்கு பேட்டாவும் வேணாம், படுக்கையும் வேணாம், அதான் பாதி ஓனருகளுக்கு அது மேல இம்புட்டு ஆசையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.