உறைபெட்டியில் வெளுத்துப்போகும் இறைச்சி

கேள்வி: இறைச்சி, பீன்ஸ் இரண்டையும் வாங்கி வந்த பையோடு ஃப்ரீசரில் வைக்கிறேன். சில வாரங்களில் இறைச்சியின் ஓரங்கள் வெளுத்துச் சக்கைபோல் வறண்டுவிடுகின்றன. பீன்ஸ் நிறம் மங்கித் தொளதொளத்துப் போகிறது. கோளாறு ஃப்ரீசரிலா, நான் வைக்கும் முறையிலா?

பதில்: ஃப்ரீசருக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் காட்டினால் பெட்டியில் குறையில்லை. பொதிந்த முறையில்தான் குறை. உறைந்த இறைச்சியின் மேற்பரப்பிலுள்ள பனி, நீராக உருகாமலே நேரடியாக ஆவியாகிப் பைக்குள் இருக்கும் காற்றோடு கலந்துவிடுவதால்தான் ஓரங்கள் வறள்கின்றன. பையின் உட்புறம் ஒட்டியிருக்கும் பனித்துகள்கள் அவ்வாறு வெளியேறிய ஈரமே. அந்தப் பகுதியை உண்பதால் தீங்கில்லை. சுவை போயிருக்கும் என்பதால் வெட்டி நீக்கிவிடலாம்.

மெல்லிய கடைப் பைகள் ஈரத்தைக் கசிய விடும். ஃப்ரீசருக்கென்றே வரும் தடித்த ஜிப் பைகளில், ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகப் பரப்புங்கள். பையின் வாயை ஓரத்தில் சிறிது மட்டும் திறந்து வைத்து, நீர் நிறைந்த பாத்திரத்தில் மெல்ல இறக்கினால், நீரின் அழுத்தமே காற்றை வெளியேற்றிவிடும்; வாய் நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும்போதே மூடிவிட வேண்டும். தட்டையாகப் பரப்பச் சொல்வது இடத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. பெரிய கட்டியாக வைத்தால் உள்ளே குளிர் மெதுவாக ஏறி, பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் தசையின் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது சாறெல்லாம் வடிந்துபோவது அதனால்தான்.

பீன்ஸின் நிறத்தையும் பதத்தையும் கெடுக்கும் நொதிகள் (என்சைம்கள்) உறைநிலையிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். அவற்றைச் செயலிழக்கச் செய்ய, பீன்ஸைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, உடனே பனிக்கட்டி நீரில் அதே அளவு நேரம் வைத்து, துணியில் நன்றாக ஈரம் ஒற்றித் தட்டில் உதிரியாக உறையவிட்ட பிறகு பையில் இடுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் நேரே கொதிக்கும் நீரில் போட்டால் ஓரளவு கடிபதம் நிற்கும்.

கேள்வி: உருகிய இறைச்சியை மறுபடி உறைய வைக்கலாமா?

பதில்: எங்கே உருகியது என்பதைப் பொறுத்தது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகி, இன்னும் சில்லென்று இருந்தால் மறுபடி வைக்கலாம். மென்மை மட்டும் சற்றுக் குறையும். சமையல் மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால், மனம் வராவிட்டாலும் எறிந்துவிடுங்கள். உறைநிலை பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது. இறைச்சி உருகியதும் அவை விட்ட இடத்திலிருந்து மீண்டும் பெருகத் தொடங்கிவிடும்.